நாட்டுக்கோழி இன்குபேட்டரில் பைத்தான் முட்டை

வேலூர்ப் பக்கம் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டி இன்குபேட்டர் கோழிக்காகச் செய்தது. பால் பைத்தான் (Ball python, செல்லமாக வளர்க்கும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) இடும் முதல் ஈட்டு முட்டைக்கு அதையே வாங்கலாம். ஆனால் வந்தது வந்தபடி ஓட்டினால் முட்டை அவிந்துவிடும்: கோழிக்கு 37.5 டிகிரி, இதற்கு 31 முதல் 32தான்.

உள்ளே வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது டபிள்யூ 1209 (W1209) கன்ட்ரோலர் என்றால் பி1 செட்டிங் 2 என்று வரும். அதாவது 2 டிகிரி இறங்கிய பிறகுதான் பல்பு எரியும். 0.5 ஆக்குங்கள். முட்டை திருப்பும் மோட்டாரைக் கழற்றி வீசுங்கள். கோழி முட்டையை உருட்டாவிட்டால் கெடும், பைத்தான் முட்டையை உருட்டினால் கரு சாகும். இட்டபடியே எடுத்து, மேற்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.

ஃபேன் காற்று முட்டையைக் காயவைக்கும். அதனால் முட்டையை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்; அதில் 100 கிராம் வெர்மிகுலைட்டுக்கு (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) 100 மில்லி தண்ணீர். பிடித்துப் பிழிந்தால் சொட்டக்கூடாது. சென்சார் டப்பாவுக்குள், முட்டை மட்டத்தில். ஆரம்பத்திலேயே முட்டை குழிந்தால் ஈரம் போதவில்லை. கடைசி இரண்டு வாரத்தில் குழிவது இயல்பு.

பெரிய குறை: இதற்குச் சூடேற்ற மட்டும்தான் தெரியும். அக்னி நட்சத்திரத்தில் அறை 37 என்றால் பெட்டியும் 37. மார்ச், ஏப்ரலில் இட்ட முட்டை பொரிய 55 முதல் 60 நாள்; அதுவரை ஏசி அறை இல்லாமல் இது வெறும் தெர்மாகோல் டப்பா. கரன்ட் போனால் சூடு சட்டென்று இறங்காமல் இருக்க இரண்டு தண்ணீர் பாட்டிலை உள்ளே வையுங்கள்.

நம்மூர் மலைப்பாம்பு வளர்ப்பது குற்றம். பால் பைத்தானையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும், பொரிந்த குட்டிகள் உட்பட.