சலமாங்காவா, ஆன்டிகுவாவா?

ஸ்பானிஷ் படிக்க ஊர் தேடுபவர்கள் அடிக்கடி கேள்விப்படும் பெயர் ஸ்பெயினின் சலமாங்கா. 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. நெப்ரிஹா என்ற மொழி அறிஞரின் ஸ்பானிஷ் இலக்கணம் 1492இல் அச்சேறியதும் அங்கேதான். வகுப்பில் பல நாட்டவர் சேர்ந்து அமர்வார்கள், பாடம் ஒழுங்காக நகரும். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற நினைப்பவருக்கு நல்ல இடம்.

பேச்சுதான் முக்கியம் என்றால், தயங்காமல் குவாத்தமாலாவின் ஆன்டிகுவாவைச் சொல்வேன். அங்குள்ள பள்ளிகளில் ஓர் ஆசிரியருக்கு ஒரே மாணவர் என்பதே வழக்கம். தினமும் நான்கு மணி நேரம் எதிரெதிரே அமர்ந்தால், கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ள வழியே இல்லை. பேசித்தான் ஆக வேண்டும். பிறகு, தங்கியிருக்கும் உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டில் கறுப்பு பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிடும்போதும் அதே மொழிதான். செலவும் ஸ்பெயினைவிடக் குறைவு.

சொற்களும் மாறும். நண்பர்கள் பலரைச் சேர்த்து அழைக்க சலமாங்காவில் ‘போசோத்ரோஸ்’, ஆன்டிகுவாவில் ‘உஸ்தேதெஸ்’. நெருங்கிய ஒருவரை சலமாங்காவில் ‘தூ’ என்பார்கள். குவாத்தமாலாவில் ‘போஸ்’ என்றும் அழைப்பார்கள். ‘நீ’, ‘நீங்கள்’ என்று ஆள் பார்த்துப் பேசியே வளர்ந்த நமக்கு இந்த நுட்பம் விரைவில் பிடிபடும்.