ஹார்வர்டின் எம்.டி.–எம்.பி.பி. கூட்டுப் பட்டம்: யாருக்குப் பொருந்தும்?

எம்.டி. (அமெரிக்காவில் இதுவே அடிப்படை மருத்துவப் பட்டம்), எம்.பி.பி. (பொதுக்கொள்கை முதுகலை) இரண்டையும் தனித்தனியே படித்தால் ஆறு ஆண்டுகள் ஆகும். கூட்டுப் பட்டமாகப் படித்தால் ஐந்தே ஆண்டுகள். ஆனால் ஹார்வர்டின் மருத்துவக் கல்லூரி, பொதுக்கொள்கை கற்பிக்கும் கென்னடி பள்ளி ஆகிய இரண்டிலும் தனித்தனியே விண்ணப்பித்து இடம் பெற வேண்டும் என்பதால், ஓராண்டு மிச்சம் எளிதில் கைகூடுவதில்லை.

பொருளியல், புள்ளியியல், பேச்சுவார்த்தை எனப் பாடங்கள் பல இருந்தாலும், படிப்பின் உயிர்நாடி இறுதியாண்டின் கொள்கைப் பகுப்பாய்வு அறிக்கைதான். அரசுத் துறையோ தொண்டு நிறுவனமோ தன் சிக்கலைச் சொல்ல, என்ன செய்யலாம், எவ்வளவு செலவாகும், யார் எதிர்ப்பார்கள் என்றெல்லாம் ஆராய்ந்து மாணவர் பரிந்துரை எழுதித் தர வேண்டும். எதிரே அமர்ந்திருக்கும் நோயாளியின் நலனை மட்டுமே எண்ணிப் பழகியவருக்கு, ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினால் வேறொன்றில் கைவைக்க நேரும் என்பது இங்கேதான் உறைக்கும்.

மருத்துவத்தோடு எம்.பி.பி.யும் இங்கே படித்த ஹார்வி ஃபைன்பெர்க், 1976-ஆம் ஆண்டின் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசித் திட்டம் ஏன் சறுக்கியது என்பதை அரசியல் அறிஞர் ரிச்சர்ட் நியூஸ்டாட்டுடன் ஆராய்ந்து, 1978-இல் அமெரிக்க அரசுக்கு அறிக்கை அளித்தார். நான்கு கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டும், அஞ்சிய கொள்ளைநோய் வரவேயில்லை. ஊசி போட்டுக்கொண்டோருக்குக் கியான்–பாரே என்னும் நரம்பு நோய் வந்ததாகப் புகார்கள்தாம் வந்தன. இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பவருக்கு நான் காட்டுவது இந்த அறிக்கையைத்தான்.

இதே இரு பட்டங்களைப் பெற்ற குழந்தை மருத்துவர் டொனால்ட் பெர்விக்கின் பாதை வேறு. செனட் (நாடாளுமன்ற மேலவை) கூடாத நேரத்தில், அதன் ஒப்புதலுக்குக் காத்திராமல், 2010-இல், ஒபாமா அவரை முதியோருக்கும் ஏழைகளுக்குமான அரசு மருத்துவக் காப்பீடுகளான மெடிகேர், மெடிகெய்டு திட்டங்களின் நிர்வாகியாக நியமித்தார். குடியரசுக் கட்சியினரின் எதிர்ப்பால் செனட்டின் ஒப்புதல் கிட்டாமல், 2011 இறுதியில் விலகினார். நாடறிந்த வல்லுநருக்கே இந்த நிலை என்றால், பட்டம் பதவிக்கு உத்தரவாதம் என்று யாரும் நம்பிச் சேர வேண்டாம்.

குறை என்றால், கொள்கைப் படிப்பு முதலில், மருத்துவப் பயிற்சி பிறகு என்ற வரிசைதான். பட்டம் பெற்ற கையோடு குறைந்தது மூன்றாண்டு மருத்துவமனைப் பயிற்சி காத்திருக்கிறது. இரவுப் பணிக்கு நடுவே கொள்கைப் படிப்பு மங்கிவிடக்கூடும். நோய்த்தடுப்பு, தொற்றுநோயியல் பணிகளே குறிக்கோள் என்றால், மருத்துவர்கள் ஓராண்டில் முடிக்கக்கூடிய பொதுச் சுகாதார முதுகலையே போதும். எம்.டி.யை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்பதால், நம் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு இந்தக் கூட்டுப் பட்டம் நடைமுறையில் எட்டாது. ஏழாண்டுப் பணி அனுபவம் உள்ளவர்கள் கென்னடி பள்ளியின் ஓராண்டு பொது நிர்வாக முதுகலைப் படிப்புக்கு (MPA) விண்ணப்பிப்பதே சரியான வழி.