பி.ஏ. வரலாறு முடித்து எம்.பி.ஏ.: ஐஐஎம்மா, டான்செட்டா?

பி.ஏ. வரலாறு முடித்ததும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நெசவாளர் குழுக்களோடு இரண்டு ஆண்டு வேலை பார்த்தேன். சேலைகள் நன்றாக இருக்கும். ஆனால் என்ன விலை வைப்பது, எவ்வளவு சரக்கு கையில் வைத்திருப்பது, எந்தக் கடைக்குக் கடனில் கொடுப்பது என்று எங்களில் யாருக்கும் தெளிவில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் எம்.பி.ஏ. யோசனை வந்தது. கேட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி ஐஐஎம் எனப்படும் இந்திய மேலாண்மை நிறுவனங்களில் ஒன்றுக்குப் போகலாம். இல்லையென்றால் தமிழ்நாட்டின் பொது நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி இங்கேயே ஒரு பல்கலைக்கழகத் துறையில் சேரலாம். நான் சேர்ந்தது இரண்டாவதில், அதனால் என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

எந்தப் பட்டம் வாங்கியிருந்தாலும் இரண்டையும் எழுதலாம். பொதுப்பிரிவுக்குப் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். பெயர், சம்பளம், நாடு முழுக்கக் கிடைக்கும் தொடர்புகள் இவற்றில் ஐஐஎம்தான் மேல். அதில் பேச்சே இல்லை.

கலைப்பிரிவில் படித்தவர்கள் முதலில் பயப்படுவது கணக்குக்கு. கேட் தேர்வில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒவ்வொரு பகுதியிலும் இவ்வளவாவது எடுக்க வேண்டும் என்று ஐஐஎம்கள் ஒரு வரம்பு வைக்கின்றன. ஆங்கிலப் பகுதியில் எவ்வளவு எடுத்தாலும் கணக்கில் அந்த வரம்புக்குக் கீழே போனால் அவ்வளவுதான். பல ஐஐஎம்கள் பொறியியல் படிக்காதவர்களுக்குக் கூடுதல் புள்ளி தருகின்றன, ஆனால் அதுவும் இந்த வரம்பைத் தாண்டிய பிறகுதான். பாடம் என்னவோ சதவீதம், விகிதம், இயற்கணிதம், வடிவியல் என்று பெரும்பாலும் பள்ளிக் கணக்குதான். எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து மறுபடி தொடங்கினேன், கை திரும்ப நான்கு மாதம் ஆனது. டான்செட்டில் மொத்த மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. பத்தியை வாசித்துப் பதில் சொல்லும் பகுதி என்னைத் தூக்கிவிட்டது.

ஆனால் நான் முடிவெடுத்தது கணக்குப் பாடத்தை வைத்து அல்ல, கடனை வைத்து.

பெரிய ஐஐஎம்களில் இரண்டு ஆண்டுக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும். 20 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்து ஆண்டு என்று போட்டுப் பாருங்கள்: மாதத் தவணை சுமார் 26,400 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. படிப்பு முடிந்து பொதுவாக ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை என்று வங்கியில் சொன்னபோது நிம்மதியாக இருந்தது. வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஓடும் என்பது இரண்டாம் முறை போய்க் கேட்டபோதுதான் புரிந்தது. கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிச் சலுகை உண்டு என்பார்கள். அது பழைய வரிமுறையில் மட்டும்தான். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவருக்கு அதனால் பயனும் இல்லை.

கன்சல்டிங் (நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை), வங்கி, பெரிய நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு என்று போகிறவருக்கு அந்தத் தவணை பாரமாகத் தெரியாது. நான் திரும்பிப் போக நினைத்ததோ கைத்தறிக்கு. அங்கே எம்.பி.ஏ. முடித்தவருக்கும் மாதம் 40,000 கிடைத்தால் நல்ல சம்பளம். அதில் 26,400 தவணைக்குப் போனால் வீட்டு வாடகைக்கே தடுமாற வேண்டும். வரலாறு, இலக்கியம், சமூகப்பணி படித்தவர்களில் பலருக்கும் இப்படித்தான், மனம் இருக்கும் துறையில் சம்பளம் குறைவு. அந்தத் துறைக்குத் திரும்பவே முடியாதபடி கடன் வாங்கிவிட்டால் அதற்காகப் படித்து என்ன பயன்? எனக்கு விடுதிச் செலவையும் சேர்த்து மூன்று லட்சம் கடன். ஐந்து ஆண்டுத் தவணை, மாதம் 6,400 சொச்சம். இன்று கைத்தறி விற்பனை செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் இருக்கிறேன், கட்ட முடிகிறது.

டான்செட் வழியில் ஒரு பெரிய கவலை உண்டு. கல்லூரிக்குக் கல்லூரி தரம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. நூறு சதவீத வேலை உறுதி என்று ஒரு தனியார் கல்லூரியில் சொன்னார்கள். வெளியே டீக்கடையில் பார்த்த சீனியர் அக்கா, அதில் பாதிக்கு மேல் வீடு வீடாகக் காப்பீடு விற்கும் வேலை என்றார். அப்புறம்தான் கலந்தாய்வில் பல்கலைக்கழகத் துறைகளையும் அரசுக் கல்லூரிகளையும் மட்டும் வரிசைப்படுத்தினேன். அங்கும் வளாகத் தேர்வுக்கு வந்தவை வங்கிகள், நுண்கடன் நிறுவனங்கள், சில்லறை விற்பனைச் சங்கிலிகள். பெரிய கன்சல்டிங் நிறுவனம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

வகுப்பில் முதல் செமஸ்டர் அக்கவுன்டன்சிதான் படுத்தியது. பி.காம். படித்த அறைத்தோழி பத்து நிமிடத்தில் முடிக்கும் பேலன்ஸ் ஷீட்டுக்கு எனக்கு ஒரு மாலை முழுதும் போகும். அவள் சொல்லிக்கொடுத்துத்தான் தேறினேன். ஆனால் ஓர் ஆவணத்தை யார், எப்போது, யாருக்காக எழுதினார் என்று கேட்பது வரலாற்று வகுப்பில் வந்த பழக்கம். நிறுவனங்களின் ஆண்டறிக்கையை வாசிக்கும்போது அது நன்றாகக் கைகொடுத்தது. ஐஐஎம் வகுப்பறை பற்றித் தோழி ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூடப் படிப்பவர்களிடமிருந்து கற்பதே பாதிக்குப் பாதி என்பாள். அந்த ஒன்றில் எனக்கு இழப்புதான் என்று நினைக்கிறேன்.

வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) போன்ற இடங்களில் தொலைநிலை எம்.பி.ஏ. இருக்கிறது. பதவி உயர்வுக்குப் பட்டம் மட்டும் வேண்டுமென்றால் சரி.

என் தம்பி இப்போது பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு. அவனுக்குக் கன்சல்டிங்கில்தான் ஆசை. அவனிடம் டான்செட் பேச்சை எடுக்கவில்லை, என் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தூசி தட்டிக் கொடுத்திருக்கிறேன்.