'லைசென்ஸ் இருக்கிற கஞ்சா எண்ணெய்' என்று மூட்டு வலிக்கு விற்கிறார்கள், பணத்தைக் கொடுக்காதீர்கள்

மண்டபம், பாம்பன், வேதாளை, உச்சிப்புளி பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் மூட்டு வலியோடு வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் உள்ள ஒரு மூலிகைக் கடையில், கஞ்சா இலையிலிருந்து எடுத்த எண்ணெய் என்று சொல்லி சின்ன பாட்டில் ஒன்றை விற்கிறார்கள். பெயர் 'விஜயா தைலம்'. 100 மில்லி 3,200 ரூபாய். "சட்டப்படி விற்கிறோம், கவர்மெண்ட் லைசென்ஸ் இருக்கு" என்று சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைக் காட்டுகிறார்கள். என் அம்மா இரண்டு பாட்டில் வாங்கினார். உள்ளே இருந்தது கஞ்சா இலை எண்ணெயும் இல்லை, மருந்தும் இல்லை. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இப்போது போடவில்லை.

அம்மா பாசி எடுக்கிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வத்தையில் தீவுப் பக்கம் போய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்துக் கொண்டுவருகிற வேலை. பாதி வாழ்க்கை உப்புத் தண்ணீரிலேயே போனது. இப்போது இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். அவரோடு பாசிக்குப் போகும் பெண்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான். அந்தக் கடைக்காரர் குறிவைத்திருப்பதும் இவர்களைத்தான். பாசிக் காசு கைக்கு வருகிற நேரம் பார்த்து ஒரு பையன் பைக்கில் தெருவுக்கே வந்து, "ஆத்தா, ஒரு தடவை கடைக்கு வந்து பாருங்க, வாங்கணும்னு கட்டாயம் இல்ல" என்று கூப்பிட்டுவிட்டுப் போகிறான்.

கடையில் என்ன சொல்கிறார்கள் என்பதை அம்மாவோடு போன அக்காள்களும் எனக்குச் சொன்னார்கள். காசியில் அரசாங்கமே பாங்கு (கஞ்சா இலையை அரைத்துச் செய்வது) கடை நடத்த உரிமம் கொடுக்கிறது, சிவன் கோயில் வாசலிலேயே விற்கிறார்கள், காசிக்கு ஒரு சட்டம் ராமேஸ்வரத்துக்கு ஒரு சட்டமா என்று கேட்கிறார்கள். அடுத்து போனை எடுத்து, கனடாவில் நகைக்கடை மாதிரி கண்ணாடிப் பெட்டியில் கஞ்சா அடுக்கி வைத்திருக்கும் வீடியோவைக் காட்டுகிறார்கள். மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள் பலருக்கும் டொரண்டோவில் சொந்தம் உண்டு. அங்கே கடையில் விற்பது உண்மைதான் என்று அவர்களும் சொல்லியிருப்பதால் அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை. கடைசியாக ஒன்று சொன்னார்களாம்: "இதைக் குடிக்க ஆரம்பிச்சா இங்கிலீஷ் மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திடணும். ரெண்டும் ஒத்துக்காது."

எனக்கு ஆத்திரம் அடங்காதது அந்தக் கடைசி வார்த்தையில்தான். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு சுகர் இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார்கள். அம்மா அதை வாங்கி, பிரிக்காமல் அப்படியே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். அடுத்த முறை மாத்திரை கொடுக்க வந்த சகோதரி விரலில் குத்திப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சுகர் 380. மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்த பிறகுதான் எண்ணெய் விஷயமே வெளியே வந்தது.

அந்த பாட்டிலைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். பழுப்பு நிறக் கண்ணாடி, சொட்டு சொட்டாக விடுகிற பில்லர் வைத்த மூடி. வெளியே பச்சைக் காகிதத்தில் கஞ்சா இலைப் படம், 'விஜயா தைலம்' என்று பெரிய எழுத்து, கீழே 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று ஒரு வரி. யார் தயாரித்தது, எங்கே தயாரித்தது, எதுவும் இல்லை. எண்ணெய் வழிந்து வழிந்து அந்தக் காகிதத்தின் ஓரம் ஊறிப்போய் மேலே எழும்பியிருந்தது. நகத்தால் இழுத்தேன், முழுசாக உரிந்து வந்துவிட்டது. அடியில் இன்னொரு லேபிள், அச்சடித்தது, சுத்தமாக. 'ஹெம்ப் சீட் ஆயில்', அதாவது கஞ்சா விதை எண்ணெய் என்று ஆங்கிலத்தில். கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி. உணவுப் பொருளுக்குப் போடுகிற எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரை, அதன் கீழ் 14 இலக்க எண். எம்.ஆர்.பி. 650 ரூபாய். இன்னொரு பாட்டிலையும் உரித்தேன். அதுவும் அப்படியே.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் சித்த மருத்துவப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் லேபிளைப் பார்த்ததுமே, "இது சாப்பாட்டுல ஊத்திச் சாப்பிடுற எண்ணெய்ம்மா, மருந்து இல்ல" என்று சொல்லிவிட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். கஞ்சாச் செடியில் போதையும் மரமரப்பும் தரும் சத்துகள் பூவிலும் இலையிலும் ஊறும் பிசினில்தான் இருக்கின்றன. விதைக்குள் அவை அநேகமாக இல்லை. அதனால்தான் விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் 2021-ல் உணவுப் பொருளாக விற்க அனுமதித்தார்கள். எள், ஆளி விதை போல அதுவும் ஓர் எண்ணெய் வித்து, நல்ல கொழுப்பு இருக்கிறது, அவ்வளவுதான். முழங்கால் தேய்மானத்துக்கு அதைக் குடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

கஞ்சா இலை சேர்த்த மருந்து நம் நாட்டில் சட்டப்படி கிடையாதா என்று கேட்டேன். உண்டு என்றார். ஆயுர்வேதத்தில் விஜயா என்று சொல்வது அதைத்தான். ஆனால் அதன் லேபிளே வேறு மாதிரி இருக்கும். ஆயுர்வேத மருந்து அல்லது சித்த மருந்து என்று எழுதியிருக்க வேண்டும். தயாரித்தவர் பெயர், விலாசம், மருந்து தயாரிக்கும் உரிம எண், பேட்ச் எண் எல்லாம் இருக்க வேண்டும். கஞ்சா இலை, மருந்துச் சட்ட விதிகளின் இ-1 அட்டவணையில், அதாவது நச்சுத்தன்மை உள்ள மூலப்பொருள்களின் பட்டியலில் வருகிறது. அதனால் மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும் லேபிளில் அச்சாகியிருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் விதை சேராது. மருத்துவர் சீட்டு கேட்காமல் ஒருவர் உங்களுக்கு இலை மருந்து விற்கிறார் என்றால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும்.

அப்புறம் அந்தச் சுவரில் மாட்டிய சான்றிதழ். சித்த, ஆயுர்வேத மருந்துகளை விற்க மருந்துச் சட்டத்தில் தனி விற்பனை உரிமமே கிடையாது, உரிமம் தயாரிப்பவருக்குத்தான். பிறகு அங்கே மாட்டியிருப்பது என்ன? போய்ப் பார்த்தேன். டீக்கடைக்கும் பஜ்ஜிக் கடைக்கும் கொடுக்கிற அதே உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றிதழ். அதில் கஞ்சா என்றோ மருந்து என்றோ ஒரு எழுத்து இல்லை. சான்றிதழ் உண்மையானது. அதைக் காட்டிச் சொன்ன பேச்சுதான் பொய்.

காசிக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூ, காய் நுனிகள். அவை கலக்காத வெறும் இலையும் விதையும் அதில் வராது. இலையை என்ன செய்வது என்பதை அந்தந்த மாநிலம் முடிவு செய்கிறது. உத்தரப் பிரதேசத்தில் பாங்கு கடைக்கு உரிமம் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் கொடுப்பதில்லை.

கனடாக் கதை இன்னும் மோசம், ஏனென்றால் அந்த நாட்டுச் சட்டத்தைப் படித்தால் கடைக்காரரின் பேச்சே அங்கே குற்றம். அங்கே 2018 அக்டோபர் 17-லிருந்து கஞ்சா சட்டபூர்வமானது. டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 19 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் பெற்ற கடையில் விற்கிறார்கள். பாக்கெட்டில் போதை தரும் டி.எச்.சி. எவ்வளவு, போதை தராத சி.பி.டி. எவ்வளவு என்று அச்சடித்திருக்கும், வரி முத்திரை இருக்கும். ஆனால் அங்குள்ள கடைக்காரர் இது மூட்டு வலியைத் தீர்க்கும், புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்கக் கூடாது. மருந்தாக வேண்டுமென்றால் மருத்துவரிடம் எழுதி வாங்க வேண்டும், அதற்கு வேறு வழி. நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போகவும் கூடாது. சொந்தக்காரர்கள் யாராவது "அங்கிருந்து ஒன்று கொண்டு வரட்டுமா" என்று கேட்டால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் மாட்டுவது அவர்கள்தான்.

இதெல்லாம் தெரிந்துகொண்டு கடைக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் மரியாதையாகத்தான் பேசினார். "இங்க பாரு தங்கச்சி, ஆத்தா இன்னும் ரெண்டு பாட்டில் குடிக்கட்டும், அப்புறம் வந்து பேசு." உரித்த லேபிளைக் காட்டினேன். முகம் மாறியது. பில் கேட்டேன். "அதான் சீட்டு குடுத்தோம்ல." அந்தச் சீட்டு 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட துண்டுக் காகிதம், கடை பெயர்கூட இல்லை. போலீசுக்குப் போவேன் என்றேன். அதற்கு அவர் சிரித்துக்கொண்டே, "போம்மா. போய் எங்கம்மா கஞ்சா எண்ணெய் வாங்குனாங்கன்னு எழுதிக் குடு. முதல்ல யாரைக் கூட்டிட்டுப் போறாங்கன்னு பாப்போம்" என்றார்.

இந்த வியாபாரம் முழுக்க நிற்பது இந்த ஒரு மிரட்டலில்தான். வெறும் விதை எண்ணெய்க்குக் கஞ்சா இலைப் படம் ஒட்டுவது விலையை ஏற்றுவதற்கு மட்டும் இல்லை, வாங்கியவர் வாயைத் திறக்காமல் இருப்பதற்கும்தான். நம் கடற்கரையில் இது எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கைக்குப் போகிற கஞ்சா மூட்டை பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்வது நமக்குப் பழகிப்போன விஷயம். அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு ஸ்டேஷன் வாசலை மிதிக்க எந்தப் பாசிக்காரப் பெண்ணுக்குத் தைரியம் வரும்? எங்கள் தெருவிலேயே இன்னும் சிலர் வாங்கியிருந்தார்கள். நான் பேச ஆரம்பிக்கும் வரை ஒருவருக்கும் மற்றவர் வாங்கியது தெரியாது.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருவேளை யாராவது உண்மையிலேயே கஞ்சாப் பிசினை எடுத்து எண்ணெயில் கலந்து விற்றால், அது சட்டத்தில் சரஸ் என்ற வகைக்குள் வரும். எடையைப் பொறுத்துத்தான் தண்டனை, குறைந்த தண்டனைக்கான 'சிறிய அளவு' அதற்கு 100 கிராம்தான். 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி கலப்படத்தில் போதைப்பொருள் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க மாட்டார்கள், மொத்த எடையைத்தான் எடுப்பார்கள். இரண்டு பாட்டில் வைத்திருந்தாலே சிறிய அளவைத் தாண்டிவிடும், 10 வருடம் வரை சிறை என்ற பிரிவுக்குப் போய்விடும். லைசென்ஸ் இருக்கிறது என்று வாய்வார்த்தையாகச் சொன்னவர் அன்றைக்குக் கூட வந்து நிற்கப்போவதில்லை. அதனால் பொய்யாக இருந்தாலும் கெடுதி, மெய்யாக இருந்தால் அதைவிடக் கெடுதி.

ஆனால் இந்த பாட்டில்களில் இருப்பது, அடியில் உள்ள லேபிளின்படி, கடையில் விற்க அனுமதி உள்ள உணவு எண்ணெய். அதை வாங்கிய யாரும் குற்றவாளி இல்லை, ஏமாற்றப்பட்டவர்கள். இதை அம்மாவுக்குப் புரியவைத்த பிறகுதான் அவர் புகாரில் கையெழுத்துப் போட்டார்.

மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். அதிகாரி கடைக்குப் போய் மாதிரி எடுத்திருக்கிறார், முடிவு வர வேண்டும். உணவுப் பொருளுக்குத் தவறான லேபிள் ஒட்டினால் 3 லட்சம் வரை, பொய் விளம்பரம் செய்தால் 10 லட்சம் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எம்.ஆர்.பி.யை மறைத்து மேலே வேறு விலை போட்டதற்குத் தொழிலாளர் துறையில் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறோம், எடையளவுச் சட்டம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. பணத்துக்கும் அலைச்சலுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடப் போகிறோம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பொருள் வாங்கி இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். முதலில் யாரிடமாவது விசாரிக்க வேண்டுமென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள்.

இப்போது அம்மா சுகர் மாத்திரையைத் திரும்பப் போடுகிறார், அளவு இறங்கியிருக்கிறது. முழங்காலுக்கு அரசு மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்கிறார், பூசத் தைலமும் கொடுத்திருக்கிறார்கள். காசு கேட்கவில்லை.

நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவர்களோ வாங்கியிருந்தால் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மேல் காகிதத்தை உரிக்கும் முன் ஒரு போட்டோ, உரித்த பிறகு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எஸ்டிமேட் சீட்டையும் பத்திரமாக வையுங்கள், கூகுள் பே-யில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவே போதுமான ஆதாரம். முக்கியமாக, சுகர், பிரஷர் மாத்திரை எதையாவது நிறுத்தியிருக்கிறார்களா என்று இன்றைக்கே டப்பாவைத் திறந்து பாருங்கள். நுகர்வோர் ஆணையத்தில் பல பேர் சேர்ந்து ஒரே வழக்காகப் போட வழி இருக்கிறது. எங்களோடு சேர விரும்புகிறவர்கள் பாட்டிலையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், மனுவில் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவோம்.