சொரியாசிசுக்கு எந்த ஒளி: கடற்கரை வெயிலா, சோராலெனா, யுவிபி விளக்கா?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் சொரியாசிஸ் என்ற தோல் நோய் வந்தவர்களுக்கு முதலில் கிடைக்கும் யோசனை, காலை இளவெயிலில் நிற்கச் சொல்வதுதான். புற ஊதாக் கதிர் இந்நோயில் உண்மையாகவே வேலை செய்வதால், அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் எந்தக் கதிர், எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்நோயில் தோலிலுள்ள டென்ட்ரிடிக் செல்கள் எனும் நோய் எதிர்ப்புச் செல்கள் இன்டர்லூகின்-23 என்ற புரதத்தைச் சுரந்து, டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களைத் தூண்டுகின்றன. அவை சுரக்கும் இன்டர்லூகின்-17, மேல்தோல் செல்களை அளவுமீறிப் பெருக வைத்து, செதில் செதிலாக உதிரச் செய்கிறது. மருத்துவமனையில் தரப்படும் 311 நானோமீட்டர் அலைநீள யுவிபி (புற ஊதா-பி) ஒளி, மேல்தோலில் குடியேறிய டி செல்களைத் தாமாகவே மடியவைத்து, இந்தச் சங்கிலியைத் தளர்த்துவதோடு, அழற்சியை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்கும் வலுவூட்டுகிறது. 290 நானோமீட்டரும் அதற்குக் கீழும் உள்ள கதிர்கள் தோலைச் சுட்டனவே தவிர நோயைக் குறைக்கவில்லை என்று 1981-இல் பாரிஷ், யானிக்கே என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டியதே இந்த அலைநீளத் தேர்வுக்கு வழிவகுத்தது.

வெயிலில் இந்தத் தேர்வுக்கு இடமில்லை. இளவெயில் காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் சாய்ந்து வருவதால் அதிலுள்ள யுவிபியில் பெரும்பங்கை ஓசோன் உறிஞ்சிவிடுகிறது. உச்சிவெயிலில் யுவிபி நிறைய உண்டு, ஆனால் தோல் வெந்தால் வெந்த இடத்திலேயே புதிய படை கிளம்பலாம். கடலில் பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். நாளெல்லாம் வெயிலில் இருந்தும் முழங்கையில் உள்ள படைமீது கதிர் படுவதே இல்லை.

தோலை ஒளிக்கு எளிதில் வினைபுரிய வைக்கும் சோராலென் மாத்திரை விழுங்கி இரண்டு மணி நேரம் கழித்து யுவிஏ (புற ஊதா-ஏ) ஒளி பெறும் பூவா முறை, 1974 முதல் பெயர்பெற்றது. மருந்து டி.என்.ஏ. இழைகளைப் பிணைத்து, ஆழத்திலுள்ள டி செல்களையும் அழிப்பதால், தடித்த படைகளுக்கு இது வலுவானது, குணமும் நீடிக்கிறது. ஆனால் குமட்டல் வரும், நெடுநாள் தொடர்ந்தால் தோல் புற்றுநோய் அபாயம் கூடும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மாத்திரை எடுத்த நாள் முழுதும் கண்ணையும் தோலையும் வெயிலிலிருந்து காக்க வேண்டும். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில் வல்லம் ஓட்டுபவரால் அது எப்படி முடியும்? சோராலென் உள்ள கார்போக அரிசியைத் தாமே அரைத்துப் பூசி வெயிலில் நிற்பது இன்னும் ஆபத்து. அளவு தெரியாமல் செய்தால் தோல் கொப்புளித்துவிடும்.

ஆகவே என் தேர்வு யுவிபி விளக்குதான். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும்கூட மருத்துவர் மேற்பார்வையில் தரலாம். குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: வாரம் இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில் போய்வர வேண்டும். விளக்கு இருக்கும் ஊருக்குப் பேருந்துச் செலவும் அன்றைய கூலி இழப்பும் சேர்ந்து பலரைப் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றன. அது முடியாதவர்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, பூச்சு மருந்தோ மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தோ பொருந்துமா என்று கேட்கலாம். ஒளி பட்டால் மோசமாகக்கூடிய லூபஸ் என்ற நோய் உள்ளவர்களும், தோலை ஒளிக்குக் கூச வைக்கும் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் எந்த ஒளிச் சிகிச்சைக்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.