மனித ஐகேம்-1 எஃப்சி: ஒட்டுதல் சோதனைக்கு எந்தக் குப்பி?

வெள்ளணு ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டுவதைத் தட்டில் அளக்க நினைப்பவர்களுக்கு ரீகாம்பினன்ட் மனித ஐகேம்-1 எஃப்சியைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஐகேம்-1 என்பது வெள்ளணு பிடித்துக்கொள்ளும் ரத்தக்குழாய்ப் புரதம்; எஃப்சி அதற்கு வாலாகச் சேர்த்த ஆன்டிபாடியின் ஒரு பகுதி. ஆனால் ஒரே பெயரில் விற்கும் குப்பிகள் எல்லாம் ஒன்றல்ல. வாங்கும்போதே மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: எந்தச் செல்லில் தயாரித்தது, பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) கலந்ததா, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) எவ்வளவு.

பாலூட்டிச் செல்லில் தயாரித்ததே வேண்டும். ஐகேம்-1 உடம்பெல்லாம் சர்க்கரைச் சங்கிலி சுமக்கும் புரதம். எஃப்சியோடு சேர்ந்த ஒரு புரதச் சங்கிலி கணக்குப்படி சுமார் 76 கிலோடால்டன். ஆனால் ஒடுக்கிய (சங்கிலிகளைப் பிரித்து ஓட்டும்) ஜெல்லில் அந்தச் சர்க்கரையால் 110 அருகே அகலமான பட்டையாக ஓடும். அதைப் பார்த்துப் புரதம் தப்பு என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம். எஃப்சி வால் இரண்டு சங்கிலிகளை இணைத்து வைப்பதால் இன்டெக்ரினுக்கு (வெள்ளணுவின் ஒட்டும் ஏற்பி) இரட்டைப் பிடி கிடைக்கிறது. ஹிஸ் வால் (ஹிஸ்டிடின் அமினோ அமிலத் தொடர்) கொண்ட ஒற்றை வடிவத்தைத் தட்டில் பூசினால் பிடிப்பு பொதுவாகக் குறைவு. பிணைப்பு வேகத்தைக் கருவியில் அளப்பவர்களுக்கு அந்த ஒற்றை வடிவம்தான் சரி.

பிஎஸ்ஏ கலந்த குப்பி விலை குறைவாக இருந்தாலும், நீண்ட நாள் கெடாது என்றாலும், கோட்டிங்குக்கு உதவாது. ஐகேம் உட்கார வேண்டிய பிளாஸ்டிக்கை பிஎஸ்ஏவே நிரப்பிவிடும். பலரும் வழுக்கி விழும் இடம் இது.

100 மைக்ரோகிராம் குப்பியைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். பொடி மூடியில் ஒட்டியிருக்கும். 500 மைக்ரோலிட்டர் கிருமி நீக்கிய பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) விட்டு, வோர்டெக்ஸ் செய்யாமல் மெல்லச் சாய்த்துக் கரைத்தால் மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் வரும். சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 70-இல் வையுங்கள். தானே பனி உருக்கிக்கொள்ளும் ஃப்ரீசர் வேண்டாம். அதன் வெப்பம் ஏறி இறங்கும்.

மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் செறிவில் வெல்லுக்கு (தட்டின் ஒரு குழி) 50 மைக்ரோலிட்டர் பூசினால் ஒரு குப்பி 200 வெல்களுக்குத்தான் வரும், அதாவது 96 வெல் பிளேட் இரண்டு. சிக்கனம் வேண்டுமானால் முதலில் மனித எஃப்சிக்கு எதிரான ஆன்டிபாடியைப் பூசி, மிச்ச இடத்தை பிளாக் செய்து, அதன்மேல் ஐகேமை 1 முதல் 2 மைக்ரோகிராமில் விடலாம். புரதம் நிமிர்ந்து நிற்கும். எல்எஃப்ஏ-1 (வெள்ளணு இன்டெக்ரின்களில் ஒன்று) பிடிக்கும் முதல் டொமைன் (புரதத்தின் ஒரு பகுதி) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

'புரதம் செத்துப்போச்சு' என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் குப்பியே அல்ல, செல்தான். ஓய்வில் இருக்கும் டி செல்லின் எல்எஃப்ஏ-1 மடங்கிக் கிடக்கும், எழுப்பினால்தான் ஒட்டும். 1 மில்லிமோலார் மாங்கனீஸ் போதும், அல்லது 5 மில்லிமோலார் மெக்னீசியத்தோடு 1 மில்லிமோலார் ஈஜிடிஏ (கால்சியத்தைப் பிடித்து வைப்பது). மாங்கனீஸை பிபிஎஸ்ஸில் விடக் கூடாது. பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகக் கலங்கி வீழ்படிவாகும். ஹெப்பஸ் பஃபர் எடுங்கள். கால்சீன் (ஒளிரும் சாயம்) ஏற்றிய செல் வெல்லுக்கு 1 லட்சம், 37 டிகிரியில் 30 நிமிடம், பிறகு வெதுவெதுப்பான பஃபரில் மூன்று வாஷ். வாஷில்தான் கை தெரியும். மைக்ரோஸ்கோப்பில் வெல்லின் அடியில் பிறை வடிவில் வெற்றிடம் தெரிந்தால், பிப்பெட் முனை ஒரே இடத்தைக் குறிவைத்து அடித்திருக்கிறது. சுவரோரமாக விட வேண்டும். 5 மில்லிமோலார் ஈடிடிஏ (இன்டெக்ரினுக்குத் தேவையான உலோக அயனிகளைப் பிடித்து வைப்பது) சேர்த்த வெல்லில் ஒட்டுதல் முழுக்க விழ வேண்டும். விழாவிட்டால் நீங்கள் அளப்பது இன்டெக்ரினை அல்ல.

மோனோசைட்டிலும் நியூட்ரோஃபிலிலும் எஃப்சி ஏற்பிகள் உண்டு. அவை ஐகேமை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அதே அளவு வெறும் ஐஜிஜி1 எஃப்சி பூசிய வெல் கட்டாயம். கூடவே எஃப்சி ஏற்பி பிளாக் செய்யும் வினைபொருளும் வாங்குங்கள். நியூட்ரோஃபிலின் இன்னொரு இன்டெக்ரினான மாக்-1 வேறு, ஐகேமின் மூன்றாம் டொமைனோடு நிற்காமல் கெட்டுப்போன ஆல்புமினையும் பிடிக்கும். பிஎஸ்ஏ மட்டும் பூசிய வெல்லையும் தனியே வையுங்கள்.

எண்டோடாக்சின் விஷயத்தில் டேட்டாஷீட்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. 'மைக்ரோகிராமுக்கு 1 ஈயூவுக்குக் கீழ்' (ஈயூ எண்டோடாக்சின் அலகு) என்பது கேட்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஐகேம் விட்டால் 10 ஈயூ வரை போகலாம், ஏறக்குறைய 1 நானோகிராம் எல்பிஎஸ் (எண்டோடாக்சினேதான்). மோனோசைட் டிஎன்எஃப் (அழற்சி சைட்டோகைன்) சுரக்க அது போதும். ஐகேம்தான் அழற்சியைத் தூண்டியது என்று தவறாக எழுதிவிடுவோம். சைட்டோகைன் அளப்பவர்கள் மைக்ரோகிராமுக்கு 0.1 ஈயூவுக்குக் கீழுள்ள லாட்டைக் (தயாரிப்புத் தொகுதி) கேட்டு வாங்குங்கள். ஒரு பங்கைக் கொதிக்க வைத்தும் போட்டுப் பாருங்கள். புரதம் அதில் அழியும், எல்பிஎஸ் தாங்கும். கொதித்த பின்னும் டிஎன்எஃப் வந்தால் அந்தக் குப்பியைச் செல் வளர்ப்புக்கு எடுக்காதீர்கள். ஒட்டுதல் பிளேட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். புது லாட் வரும்போது 0.3 முதல் 10 மைக்ரோகிராம் வரை ஒரு வரிசை போட்டு, பழைய லாட்டின் வளைவோடு ஒரே பிளேட்டில் ஒப்பிட்ட பிறகே மாறுங்கள்.