தோட்டத்து மண்டபம்: பல மழைக்காலம் பார்த்த பிறகு

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு திறந்த மண்டபம் கட்டிப் பல வருஷம் ஆகிறது. 12க்கு 12 அடி, நாலு பக்கமும் சரியும் மங்களூர் ஓட்டுக் கூரை, வைரம் பாய்ந்த பனஞ்சட்டம். விருந்தாளிகளோடு கூடிப் பேசவும் தனியாகச் சும்மா உட்காரவும் ஒரே இடம் வேண்டும் என்றுதான் கட்டினோம். இரண்டுக்குமே ஒத்துவருகிறது. முக்கியக் காரணம் திண்ணை.

வடக்கே வாசல், மற்ற மூன்று பக்கமும் தூணுக்குத் தூண் ஒன்றரை அடி உயரத்தில் திண்ணை. சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு அகலம். நடுவில் எதுவும் கிடையாது. பத்துப் பேர் வந்தால் எதிரெதிரே உட்கார்ந்ததும் பேச்சு தானாகக் களைகட்டும். சாப்பாட்டு நேரத்தில் பாய் விரித்து இலை போட்டுவிடலாம். நாற்காலி, மேஜை போட்ட மண்டபத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் ஆளில்லாத ஓட்டல் மாதிரி இருக்கும். திண்ணையில் அந்த வெறுமை தெரிவதே இல்லை.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனி, ஆடியில் இங்கே விடாமல் அடிக்கும். அதற்காக மேற்குப் பக்கம் செங்கல் ஜாலி, அதாவது இடையிடையே ஓட்டை விட்டுக் கட்டிய சுவர், வைத்தோம். முழுச்சுவர் என்றால் புழுங்கும். ஜாலி காற்றின் வேகத்தை உடைத்து உள்ளே விடுகிறது. சாயங்கால வெயிலும் அதன் வழியே தரையில் பொட்டுப் பொட்டாக விழுந்து, மெல்ல நகர்ந்து, கிழக்குத் திண்ணையில் ஏறும். கையில் புத்தகம் இருந்தாலும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இறவாரத்தை மூன்றடி வெளியே நீட்டியிருக்கிறோம். ஐப்பசி அடைமழையிலும் திண்ணையின் உள்பாதி நனையாது. தரைக்குப் பளபளப்பான கல் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்; கொத்திய கருங்கல் நல்லது. விளக்கு மஞ்சள் பல்பாக, திண்ணைக்கு அடியில் இருக்கட்டும். மழை விட்டதும் ஈசல் வந்தாலும் தட்டில் விழாது.

பராமரிப்பு கொஞ்சம் உண்டு. மாசி, பங்குனியில் உதிரும் வேப்பிலை ஓட்டிடுக்கில் அடைத்துக்கொள்ளும். கோடை மழைக்கு முன்னால் கூட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ஒழுகும். இடம் குறிக்கும்போது தென்னைக்கு மட்டை விழும் தூரம் விடுங்கள். கட்டும்போதே ஒரு வரிசை ஓடு கூடுதலாக வாங்கி வையுங்கள். பிற்பாடு வேறு கம்பெனி ஓடு வாங்கினால் அளவு பொருந்தாமல் போகும்.